பாக்கு நீரிணை: பெயர் வந்த வழியும் கடல் கிடக்கும் நிலையும்

இராமேசுவரத்து மீனவர்கள் கைதான செய்தி வரும் நாள்களில் எல்லாம் ஒரே கடலின் பெயர் தமிழ் ஏடுகளில் பல வடிவங்களில் அச்சாகிறது. ஒன்றில் அது பாக் ஜலசந்தி, இன்னொன்றில் பாக் நீரிணை. பள்ளிப் பாடநூலில் பாக் நீர்ச்சந்தி என்றும், இலங்கைத் தமிழ் ஏடுகளில் பாக்கு நீரிணை என்றும் வருகிறது. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதுபவர்கள் பால்க் நீரிணை என்கிறார்கள். எழுத்தில் உள்ள இந்த வேறுபாடு எளிதில் தீர்க்கக்கூடியது. அந்தப் பெயர் எந்த நீர்ப்பரப்பைக் குறிக்கிறது என்பதில் உள்ள குழப்பம்தான் பெரியது. கோடியக்கரைக்கு எதிரே கிடக்கும் கடலையும், தொண்டிக்கு எதிரே கிடக்கும் கடலையும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல் திட்டுகள் தலைகாட்டும் கடலையும் வேறுபாடின்றி இந்த ஒரே பெயரால் சுட்டி வருகிறோம். ஆழத்திலும், அலையிலும், காற்றிலும், சட்டத்திலும் இவை ஒன்றுபோல் இருப்பவை அல்ல.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். பாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வெற்றிலையோடு சேரும் கொட்டைப்பாக்கு நினைவுக்கு வருவது இயல்பு. அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே பாக்கு வணிகம் நடந்ததால் இப்பெயர் வந்திருக்கலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பாக்கம் என்று பெயர் உண்டு என்பதால் அதன் வழியாக இதை விளக்கவும் சிலருக்குத் தோன்றலாம். இரண்டும் பொருந்தாதவை. 1763 முதல் 1767 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்தான் இந்தக் கடலின் மேல் ஏறி அமர்ந்திருக்கிறது.

அவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே 'ல்' ஒலிக்குரிய எழுத்து வரும், ஆனால் பேச்சில் அது ஒலிக்காது. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸை நாம் யாரும் சால்க்பீஸ் என்று சொல்வதில்லை, அந்தச் சொல்லிலும் எழுத்தில் மட்டும் ஒரு 'ல்' இருக்கிறது. பாக் என்பதும் அதே வகை. ஆகவே பால்க் என்று எழுதுவது கண்ணை நம்பி எழுதுவது, பாக் என்று எழுதுவது காதை நம்பி எழுதுவது. இனி, தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது தொல்காப்பியம் தொட்டு நன்னூல் வரை இலக்கண நூல்கள் சொல்லும் வரம்பு. பாக் என்பது தமிழ் வாய்க்குள் புகும்போது இறுதியில் ஓர் உகரம் சேர்கிறது. அந்த உகரமும் அரை மாத்திரையாகக் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரமே. பேங்க் என்பது பேங்கு ஆவதும், கேக் என்பது கேக்கு ஆவதும் இதே முறையில்தான். இவ்வாறு பிறந்த பாக்கு என்ற வடிவம் கொட்டைப்பாக்கின் பெயரோடு ஒத்துப்போனது தற்செயல். இந்த வடிவத்தை ஈழத்து வழக்கு முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழின் சொல்லிறுதி இலக்கணத்துக்கு இணங்கி நிற்பதால் நானும் இக்கட்டுரையில் பாக்கு என்றே எழுதுகிறேன்.

ராபர்ட் பாக் 1717இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். சமயப் பணிக்கெனத் திருநிலை பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் கிறித்தவக் குருவாகச் சென்னப்பட்டினத்துக்கு வந்தார். வந்த இடத்தில் வேதப் பணியைவிட அரசியல் பேச்சுவார்த்தைகளில் அவருடைய திறமை கூடுதலாகப் பயன்பட்டது. கருநாடகப் போரை முடிவுக்குக் கொண்டுவர ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1754இல் சதுரங்கப்பட்டினத்தில் கூடிப் பேசியபோது ஆங்கிலத் தரப்பின் தூதர்களில் ஒருவராக அவர் இருந்தார். தஞ்சை அரசவையோடு கம்பெனிக்காகப் பேசுவதிலும் அவருக்குப் பங்கிருந்தது. பின்னர் ஆளுநராக உயர்ந்தார். இன்றைய ஆந்திரக் கரையை ஒட்டிய வட சர்க்கார் மாவட்டங்கள் கம்பெனியின் கைக்கு வரக் காரணமான, ஐதராபாத் நிஜாமோடு செய்த 1766ஆம் ஆண்டு உடன்படிக்கை அவருடைய ஆட்சிக் காலத்தில் ஏற்பட்டது. பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பி, நாடாளுமன்ற உறுப்பினராகவும் 1782இல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் பெற்றவராகவும் வாழ்ந்து 1798இல் காலமானார். இந்த வாழ்க்கையில் கடலாராய்ச்சிக்கோ கடற்பயணத்துக்கோ தனிச் சிறப்பான இடம் எதுவும் இல்லை. பிற்காலத்தில் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராகப் பெயர்பெற்ற ஜேம்ஸ் ரென்னல், 1763ஐ ஒட்டிய காலத்தில் இந்த நீரிணையையும் பாம்பன் வாயையும் அளந்து வரைந்தார். கம்பெனியின் கப்பல்களுக்கு வரைபடம் தேவைப்பட்ட காலமும் பாக் ஆளுநராக இருந்த காலமும் ஒன்றாக அமைந்தன.

மூன்றாண்டுகள் ஆட்சி செய்த ஒருவரின் பெயர் இரண்டரை நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பது எப்படி என்பதுதான் எனக்கு இதில் முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது. ஏனென்றால் இதே கடலில் இதற்கு முன்பும் வேற்று மொழிப் பெயர்கள் சூட்டப்பட்டன, அவற்றில் ஒன்றுகூடத் தமிழில் தங்கவில்லை. யாழ்ப்பாணத்தை 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அங்குள்ள தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. அனலைதீவு ராட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், வேலணைத் தீவு லைடன், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்று வரைபடத்தில் ஏறின. இவற்றுள் டெல்ஃப்ட் என்ற பெயர் ஆங்கில வழக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தீவில் பிறந்த எவரும் தமிழில் பேசும்போது தம் ஊரை நெடுந்தீவு என்றே சொல்வர். பருத்தித்துறையைப் போர்த்துக்கேயர் 'கற்களின் முனை' என்ற பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அது ஆங்கிலத்தில் திரிந்து ஏதோ பேதுரு என்பவரின் முனை போல ஆகிவிட்டது. இங்கும் துறையின் தமிழ்ப் பெயருக்கு எந்தச் சேதமும் இல்லை. இக்கரையில் கோடியக்கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய கலிமேர் என்ற பெயர் பக்கத்தில் உள்ள கள்ளிமேட்டின் திரிபு என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அங்கும் மக்கள் நாவில் கோடியக்கரைதான்.

தீவுக்கும் துறைக்கும் முனைக்கும் வைத்த பெயர்கள் உதிர்ந்துபோக, நீரிணைக்கு வைத்தது மட்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அந்த இடம் வெறுமையாக இருந்ததுதான். தீவில் மக்கள் இருந்தார்கள், பெயரும் இருந்தது. கடல் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெயர் கரையில் வாழ்ந்த யாருக்கும் தேவைப்படவில்லை. அதிராம்பட்டினத்துக்காரருக்குத் தன் ஊர்க் கடல் தெரியும், வல்வெட்டித்துறை மாலுமிக்குத் தோணி செல்லும் வழி தெரியும், மன்னார்க்காரருக்கு மணல் திட்டும் கடலடிப் பாறையான பாரும் தெரியும். வங்காள விரிகுடாவில் நுழைந்து தெற்கே எங்கு வெளியேறலாம் என்று கப்பல் மேல்தளத்தில் நின்று கணக்குப் போடுகிறவருக்குத்தான் இந்த நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே பொருளாகத் தெரியும். அவர் தன் வரைபடத்தில் எழுதிய பெயருக்கு எதிராக நிறுத்தக்கூடிய முழுப்பெயர் ஒன்று கரையில் வழங்கவில்லை என்பதே அது நிலைத்ததன் பின்னணி என்று கருதுகிறேன்.

தமிழ் மரபு கடலைத் திசையால் பெயரிட்டது. கிழக்குக் கடல் குணகடல், மேற்குக் கடல் குடகடல். அந்த வழக்கம் சங்க நூல்களோடு முடிந்துவிடவில்லை. இராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் இன்றும் மீனவர்கள் தங்கள் இருபுறத்துக் கடல்களையும் வடகடல், தென்கடல் என்றே பிரித்துச் சொல்கிறார்கள். வடகடல் என்பது வரைபடத்தின் பாக்கு விரிகுடா, தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் இதற்கு இன்னொரு பெயரிணையும் உண்டு: அலையடங்கிக் கிடக்கும் வடபுறம் பெண்கடல், ஓங்கி அடிக்கும் தென்புறம் ஆண்கடல். அரிச்சல்முனையில் மணல் குறுகிக் குறுகி ஒரு நாக்கைப் போல முடியும் இடத்தில் நின்றால் இந்தப் பெயர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், வலப்புறம் மன்னார் வளைகுடாவின் அலை மணலை அறுத்துக்கொண்டு வந்து மோதும். இடப்புறம் சில பத்து அடிகள் தள்ளி, குளத்து நீர் போன்ற ஒரு பரப்பு கரையைத் தொட்டுத் தொட்டு மீளும். வடகிழக்குப் பருவம் தொடங்கி வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அப்போது வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கடல் ஓரளவு அடங்கும். மீனவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் பருவத்தோடு திசை மாறுகிறது. வாடைக் காலத்தில் வங்கக் கடலின் நீர் நீரிணை வழியாக விரிகுடாவுக்குள் இறங்கித் தெற்கு நோக்கி நகர்கிறது, மேற்கிலிருந்து கச்சானும் தெற்கிலிருந்து சோழகமும் வீசும் காலத்தில் வடக்கு நோக்கித் திரும்புகிறது.

இப்போது வரைபடத்தைப் பார்த்தால் கடலின் அமைப்பு தெளிவாகும். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து ஏறத்தாழ நேர்கோடாகத் தெற்கே இறங்கி வந்து, கோடியக்கரையில் ஒரு சதுரத்தின் மூலைபோல மேற்கே மடங்குகிறது. முத்துப்பேட்டைக் காயல், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் வரை மேற்காகச் சென்று, பின் கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் வழியாகத் தென்மேற்காகவும் தெற்காகவும் வளைந்து, மண்டபத்தில் மீண்டும் கிழக்கே திரும்பிப் பாம்பன் தீவாக நீண்டு தனுஷ்கோடியில் முடிகிறது. எதிர்க்கரையில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்று யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரை ஓடுகிறது. அதன் மேற்கே தீவுக்கூட்டம், தெற்கே பூநகரி, மன்னார்த் தீவு, தலைமன்னார். ஆகக் கரை முழுவதும் சேர்ந்து, வடகிழக்கில் ஓர் அகன்ற வாயும் தென்கிழக்கில் அடைபட்ட ஒரு வாயும் கொண்ட பெரிய பை போல அமைந்திருக்கிறது.

அந்த வடகிழக்கு வாய்தான் பாக்கு நீரிணை. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாண வடகரைக்கும் இடையே உள்ள கடல் அது. காங்கேசன்துறைப் பக்கமாக அளந்தால் அகலம் 55 கி.மீ. சுற்றி வரும், பருத்தித்துறைக்கு அளந்தால் ஏறத்தாழ 65 கி.மீ. பைக்குள் கிடக்கும் நீர் பாக்கு விரிகுடா. தென்கிழக்கில் பையின் வாயை அடைப்பது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்கு மணல் திட்டுகளும் ஆழமற்ற நீருமாகக் கிடக்கும் சேது. அதை இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கிறார்கள். மன்னார்ப் பகுதியில் அத்திட்டுகளுக்கு மணல் தீடை என்று பெயர். அதற்கும் தெற்கே மன்னார் வளைகுடா தொடங்குகிறது. பொதுநூல்களில் பாக்கு நீரிணையின் அகலம் 64 முதல் 137 கி.மீ., நீளம் 137 கி.மீ. என்று காணும் கணக்கு, நீரிணையையும் விரிகுடாவையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தது. ஒரே பெயருக்கு ஒவ்வொரு நூலிலும் வெவ்வேறு அளவு கிடைப்பது அளந்தவர்களின் பிழையால் நேர்ந்தது அன்று, எதை அளப்பது என்ற முடிவு வேறுபடுவதால் நேர்ந்தது.

ஆழத்தில்தான் இந்த நீர்ப்பரப்புகளின் வேற்றுமை துலக்கமாகத் தெரிகிறது. பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர், அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். சேதுவின் குறுக்கே பல இடங்களில் ஓரிரு மீட்டர் ஆழமே இருக்கும். அந்தத் தடுப்பைத் தாண்டித் தெற்கே சென்றால் மன்னார் வளைகுடாவின் அடித்தளம் சரிந்து இறங்கி, ஆழம் ஆயிரம் மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஒருபுறம் தட்டு, மறுபுறம் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது நீரிணையும் விரிகுடாவும் நிலமாகவே இருந்தன. இலங்கை அன்று தீவாக இருக்கவில்லை. பனி உருகிக் கடல் ஏறியபோது இந்த மேட்டுத் தட்டை நீர் மூடியது, அதன்மேல் காவிரியின் தென்கிளைகளும் வைகையும் கொண்டுவந்த வண்டல் படிந்தது. இந்த வண்டல் தரையில், வெயில் அடிவரை எட்டும் ஆழத்தில், கடற்புற்கள் செழித்து வளர்கின்றன. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவை இக்கரை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்தப் பரப்பு பாக்கு விரிகுடாவில் இருக்கிறது.

ஆழமின்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆழமற்ற கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்க இடமின்றிக் கரைமேல் ஏறும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்தது அப்படி ஏறிய நீர்தான். அதுவரை சென்னை எழும்பூரில் ஏறிய பயணி, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்தார். போட் மெயில் என்று மக்கள் அழைத்த அந்த வழித்தடம் கடந்தது நீரிணையை அன்று, சேதுவை ஒட்டிய கடலை. நீரிணையை உண்மையில் கடக்கும் பயணம் என்றால், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் பயணத்தைச் சொல்ல வேண்டும்.

நீச்சல் சாதனைகளிலும் இந்த மயக்கம் இருக்கிறது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திவந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே வழியில் சென்று, திரும்பியும் நீந்தினார். 1966இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 1994இல் குற்றாலீசுவரன் சிறுவனாகக் கடந்து புகழ்பெற்றதும் அந்தத் தென்வழியே. எல்லாமே பாக்கு நீரிணையைக் கடந்த சாதனைகளாகவே பதிவாகியிருக்கின்றன. தென்வழியின் நீரோட்டம் கடுமையானது, அதில் நீந்தியவர்களின் உழைப்பில் எள்ளளவும் குறைவில்லை. ஆனால் கோடியக்கரைக்கான வடவழி தென்வழியைப்போல ஏறத்தாழ இருமடங்கு நீளம் என்பதை ஒரே பெயர் மறைத்துவிடுகிறது. நவரத்தினசாமி நீந்திய கடல் எவ்வளவு அகலமானது என்று அறியாமலே இன்றைய வாசகர் அவர் பெயரைக் கடந்து போகிறார் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பாக் என்ற பெயருக்கு முன்னால் இந்தக் கடற்பகுதியில் வழங்கிய சொற்களில் இரண்டு தனித்து நிற்கின்றன: கோடி, சேது. கோடி என்றால் முனை, கடைசி. விரிகுடாவின் இந்தியக் கரை ஒரு கோடியில் தொடங்கி இன்னொரு கோடியில் முடிகிறது. தொடக்கத்தில் கோடியக்கரை, முடிவில் தனுஷ்கோடி. அகநானூற்றின் 70ஆம் பாடல் பாண்டியருடைய 'தொன்முது கோடி' என்று ஒரு துறையைச் சொல்லி, அங்கே ஆலமரத்தடியில் இராமன் பறவைகளின் ஒலியை அடக்கிய கதையை உவமையாக்குகிறது. பாண்டியரின் கோடி என்பதால் அதைத் தனுஷ்கோடியாகக் கொள்வதே பெரும்பான்மைக் கருத்து. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் புவியியல் நூல் எழுதிய தாலமி, இந்தப் பக்கத்தில் கோரி என்று ஒரு முனையைக் குறித்து, அதன் இருபுறமும் இரண்டு குடாக்களைக் காட்டுகிறார். தென்புறக் குடாவின் பெயர் கொற்கையிலிருந்து வந்தது. கரையில் இருந்த துறையின் பெயரால் கடலை அழைப்பது அன்றைய கிரேக்க மாலுமிகளின் வழக்கமாக இருந்தது. மன்னார் வளைகுடா என்ற இன்றைய பெயரும் அதே முறையைப் பின்பற்றுகிறது.

சேது என்பது வடமொழியிலிருந்து வந்த சொல், அணை அல்லது பாலம் என்று பொருள். அது ஒரு மணல் திட்டின் பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. இராமநாதபுரம் மன்னர்கள் தங்களைச் சேதுபதிகள் என்றார்கள். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தாங்கள் வெளியிட்ட காசுகளில் நந்தியின் உருவத்தோடு சேது என்று தமிழில் பொறித்தார்கள். உள்ளங்கையில் ஒரு ஓரமாக அடங்கிவிடும் அந்தச் செப்புக் காசில் மன்னன் பெயர் இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, இரண்டு கரைக்கும் பொதுவான இந்தச் சொல் இருக்கிறது. முழுக் கடலுக்கும் பெயராகும் தகுதி ஏதேனும் ஒரு சொல்லுக்கு இருந்திருந்தால் அது சேதுவுக்குத்தான் இருந்தது. பிற்காலத்தில் கால்வாய்த் திட்டத்துக்குச் சேதுசமுத்திரம் என்று பெயர் வைத்தவர்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 1860இல் முன்வைத்த அந்த எண்ணம் பல குழுக்களைக் கடந்து 2005 ஜூலையில் பணியாகத் தொடங்கி, 2007இல் உச்ச நீதிமன்றத் தடையோடு நின்றுபோனது. தூர்வார வேண்டிய இடங்கள் இரண்டு என்று அத்திட்டம் குறித்திருந்தது: ஒன்று சேதுவின் மணல் தடுப்பு, மற்றொன்று பாக்கு நீரிணை. நீரிணையும் சேதுவும் வெவ்வேறு இடங்கள் என்பதற்கு அந்தப் பொறியியல் வரைபடமே சான்று.

நீரிணை என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெயிட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இடுக்கம், நெருக்கம் என்ற பொருளில் இருக்கிறது. இரண்டு நிலங்களுக்கு நடுவே கடல் நெரிபட்டுக் கிடக்கிறது என்பது அதன் பார்வை. ஜலசந்தி, நீர்ச்சந்தி, நீரிணை மூன்றும் அதை மாற்றிப் பார்க்கின்றன. இரண்டு நீர்ப்பரப்புகள் வந்து சேரும் இடம், அவற்றை இணைக்கும் நீர் என்பது இவற்றின் பொருள். வங்கக் கடலையும் பாக்கு விரிகுடாவையும் இணைக்கும் இடத்துக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. விரிகுடாவுக்கு இதைச் சொன்னால் பொருந்தாது. சொல்லின் பொருளை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு 1953இல் வெளியிட்ட கடல் எல்லைப் பட்டியலில், வங்காள விரிகுடாவின் தென்னெல்லைகளில் ஒன்றாக ஆதாம் பாலம் குறிக்கப்படுகிறது. அதன்படி பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும் வங்காள விரிகுடாவின் உட்பகுதிகள், மன்னார் வளைகுடா இலட்சத்தீவுக் கடலைச் சேர்ந்தது. வடகடல், தென்கடல் என்று இராமேசுவரத்துக்காரர் கோடு கிழிக்கும் இடத்தில்தான் உலகக் கடல் வரைபடமும் கோடு கிழித்திருக்கிறது.

சட்டம் இந்தக் கடலை அணுகிய முறையும் அதன் அமைப்பையே அடியொற்றியது. பாக்கு விரிகுடாவில் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பெரும்பகுதி நிலத்தால் சூழப்பட்ட இந்த விரிகுடா, பொதுவான திறந்த கடலைப் போன்றது அன்று, அரசின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியே என்று நீதிமன்றம் கொண்டது. 1921இல் சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் கொழும்பில் கூடி மீன்பிடிக்கென ஒரு கோட்டை வரைந்தார்கள். இரு நாடுகளும் விடுதலை பெற்ற பின் 1974 ஜூனில் செய்துகொண்ட உடன்படிக்கை இதை வரலாற்று நீர்ப்பரப்பு என்ற பெயரில் கையாண்டு, ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வகுத்தது. மன்னார் வளைகுடாவுக்கும் நீரிணைக்கு அப்பாலுள்ள வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்தது 1976ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை. வரலாற்று நீர்ப்பரப்பு என்று கொண்டதன் விளைவு நேரடியானது. சேதுவுக்கு வடக்கே எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் இந்தியக் கடல், அந்தப் பக்கம் இலங்கைக் கடல். எந்த நாட்டுப் படகும் பொதுவாகச் செல்லக்கூடிய நடுக்கடல் அங்கே இல்லை. மற்றக் கரைகளில் மீனவர் கரையிலிருந்து நூறு கடல்மைல் சென்றாலும் தம் நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்திலேயே இருக்க முடியும். இராமேசுவரத்திலிருந்து கிளம்பும் படகு சில மணி நேரத்தில், 9 மீட்டர் ஆழத் தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நாட்டெல்லையை எட்டிவிடுகிறது.

அந்த 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் விதி எல்லை வகுக்கப்படும் கடலை 'பாக்கு நீரிணை முதல் ஆதாம் பாலம் வரையுள்ள நீர்ப்பரப்பு' என்ற பொருள்படக் குறிப்பிடுகிறது. வடக்கில் ஒரு வாய், தெற்கில் ஒரு தடுப்பு, இரண்டுக்கும் பெயர் உண்டு. நடுவில் கிடக்கும் விரிகுடா அந்தத் தொடரில் பெயரில்லாமல் இருக்கிறது. தொண்டி, செகதாப்பட்டினம், இராமேசுவரம், நெடுந்தீவு, பேசாலை என்று இருநாட்டு மீனவக் குடும்பங்கள் பிழைப்பது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான். 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவும் அங்கேதான் இருக்கிறது. எல்லைக்கோடு அத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிச் செல்கிறது. அந்தோணியார் கோவில் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகில் போகிறவர்கள் நீரிணைக்குள் கால் வைப்பதே இல்லை. அவர்கள் புறப்படுவதும் சென்று சேர்வதும் பாக்கு விரிகுடாவில், அவர்கள் சொல்லில் வடகடலில்.